பறவை நம் கைக்கு வர வேண்டுமென்றால்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது வருமான வரி பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வங்கியில் 34 வருஷம் கிளார்க்காக இருந்தவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? ஆனால் அவர், "சார், பறவையைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். காரணம் உங்களுக்கே தெரியும். இந்தக் கோடை விடுமுறையில் மட்டும் நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து 7 வீடுகளுக்குப் பறவைக் கூண்டு வந்திருக்கிறது. அதில் 2 வீட்டார், "யாருக்காவது வேண்டுமா? கூண்டோடு இலவசமாகத் தருகிறோம்" என்று இப்போதே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடிக்கிறது, கையில் வர மாட்டேன் என்கிறது, விடிகாலையில் கத்துகிறது. மூன்றும் நியாயமான புகார்கள்தான். மூன்றுக்கும் ஒரே மருந்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். செலவு அதிகமில்லை.

முதலில் சட்ட விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். "எங்கள் தாத்தா வளர்த்தாரே" என்பது செல்லாது. நாம் வளர்ப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பறவைகள். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்கி வருவது பட்ஜெரிகர். (உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, அது வேறு.) தலையில் கொண்டை வைத்திருப்பது காக்கட்டீல். கடைக்காரர்கள் பில்லில் 'காக்டெயில் 1' என்றே எழுதுவார்கள். அந்த பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் மனைவியிடம் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் மாதிரியான பெரிய பறவை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு காக்கட்டீல். ஆண். பெயர் சில்லறை. 3 வருஷத்துக்கு முன்னால் இங்கே வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வேலை மாற்றலாகிப் போனபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது அவனுக்கு வயது 4. அந்த வீட்டுப் பையன் தோட்டக்காரர் போடுகிற தடிமனான கையுறையைப் போட்டுக்கொண்டு அவனைப் பிடித்துத்தான் 'பழக்கி' இருக்கிறான். அதனால் கூண்டுக்குள் கை நுழைந்தால் போதும், பாம்பு மாதிரி சீறுவான். தண்ணீர் மாற்றுவதே பெரிய யுத்தம்.

இப்போது ஒரு கணக்கு. சில்லறையின் எடை 90 கிராம். என் எடை 71 கிலோ. ஏறக்குறைய 790 மடங்கு. உங்களைவிட 790 மடங்கு கனமான ஒன்று, உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து, கையை உள்ளே விட்டு, "வா கண்ணு, வா" என்று கூப்பிட்டால் நீங்கள் போவீர்களா? அதன் குரல் எவ்வளவு கொஞ்சலாக இருந்தால் என்ன?

இன்னொன்றையும் கவனியுங்கள். பருந்துக்கும் ஆந்தைக்கும் கண்கள் முன்பக்கம் பார்க்கும். நமக்கும் அப்படித்தான். காக்கட்டீலுக்குக் கண்கள் பக்கவாட்டில். ஏனென்றால் அது பிடித்துத் தின்கிற பிராணி அல்ல, தின்னப்படுகிற பிராணி. நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். நாம் குனிந்து, இரண்டு கண்ணாலும் நேராக உற்றுப் பார்த்து, மேலிருந்து கையை இறக்கும்போது அதற்குத் தெரிவது பருந்து. அதனால் குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, பக்கவாட்டில் நில், ஓரக்கண்ணால் பார், கையை நெஞ்சு உயரத்திலிருந்து மெதுவாகக் கொண்டு போ என்பதுதான். இந்த மூன்றை மாற்றினாலே பாதிப் பறவைகள் சீறுவதை நிறுத்திவிடும்.

முதல் சில நாட்கள் ஒன்றும் செய்யாதீர்கள். இதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், குழந்தை பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டது, இன்றைக்கே தோளில் உட்கார வேண்டும் என்கிறார்கள். புதிதாகக் கணக்கு தொடங்க வருகிறவர் முதல் நாளே சேமிப்பு முழுவதையுமா கொண்டுவந்து கட்டுகிறார்? 500 ரூபாய் போட்டுப் பார்ப்பார். பாஸ்புக்கில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் மற்றதெல்லாம்.

கூண்டு ஹாலில், சுவரை ஒட்டி, நாம் நிற்கும்போது நம் நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும். ஒரு பக்கமாவது சுவர் இருந்தால் அந்தப் பக்கம் ஆபத்து வராது என்று பறவைக்குத் தெரியும். சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வருகிற புகை நமக்குத் தெரியாது. பறவையைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் இவற்றையும் அந்த அறையில் வேண்டாம். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட நுட்பமானது.

நான் கூண்டிலிருந்து 5 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து காலையில் பேப்பர் படித்தேன், வாய்விட்டு. பங்குச் சந்தைப் பக்கம் உட்பட. என் மனைவி, "அதற்கு எதற்கு சென்செக்ஸ்?" என்று கேட்டாள். அதற்குத் தேவை என் குரல்தான். அதைவிட, நான் அங்கே இருந்தும் எதுவும் நடக்கவில்லை என்பது. நான் இருக்கும்போது சில்லறை சாப்பிடுகிறானா என்பதுதான் நான் பார்த்த ஒரே விஷயம். பயந்த பறவை சாப்பிடாது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் மறுநாள் நாற்காலி அரை அடி முன்னால் போகும். நிறுத்திவிட்டால் ஓரடி பின்னால். கூண்டின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, அவன் பாட்டுக்குச் சாப்பிட்டது 11-ஆம் நாள். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் தினைக்கதிர். காக்கட்டீலுக்கும் பட்ஜெரிகருக்கும் தினை என்றால் உயிர். நம் பழம்பாட்டுகளில் பெண்கள் பரண்மேல் உட்கார்ந்து தினைப்புனத்தில் கிளி ஓட்டுவார்கள். வள்ளியும் அந்த வேலையில் இருந்தபோதுதான் முருகன் வந்து சேர்ந்தான். அவர்கள் தினையை விட்டு ஓட்டினார்கள், நான் தினையைக் காட்டிக் கூப்பிடுகிறேன். தினைக்கதிர் கிண்ணத்தில் கிடையாது, கையிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். மற்ற தானியமும் கீரையும் வழக்கம்போல் கிண்ணத்தில் இருக்கும். சிலர் பட்டினி போட்டால் சீக்கிரம் பழகும் என்பார்கள். 90 கிராம் உடம்பில் பட்டினியைத் தாங்க என்ன இருக்கிறது? தயவுசெய்து செய்யாதீர்கள். பசி வேறு, நம்பிக்கை வேறு.

முதலில் கதிரின் நுனியைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். அடிப்பக்கம் உங்கள் கையில். அவன் நுனியைக் கொத்தினால் போதும். நாளுக்கு நாள் கை நுனியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரட்டும். ஒரு கட்டத்தில் அவன் உங்கள் விரலை ஒட்டிக் கொத்திக்கொண்டிருப்பான். சில்லறைக்கு இதற்கு 3 வாரம் ஆனது. புதிய பட்ஜெரிகர் குஞ்சுக்கு 4, 5 நாளில் முடிந்துவிடலாம். முன்னே அடிபட்ட பறவை என்றால் நாளாகும். யார் வீட்டுப் பறவையோடும் ஒப்பிடாதீர்கள், பிள்ளைகளின் மார்க்கை ஒப்பிடுவது மாதிரி அது.

இனி பயிற்சி. என்னிடம் இருந்த கருவிகள் இரண்டு. ஒன்று, பின்னால் அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும் பால்பாயின்ட் பேனா. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் பேனா இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்னொன்று நூடுல்ஸ் கடையில் கொடுக்கிற மரக்குச்சி.

முதலில் பேனா. 'டிக்', உடனே தினை. 'டிக்', உடனே தினை. இரண்டு நாளில் அந்தச் சத்தத்துக்கு அவனிடம் மதிப்பு வந்துவிடும். "இப்போது நீ செய்தாயே, அது சரி, கூலி வருகிறது" என்று அதற்கு அர்த்தம். வாயால் 'சபாஷ்' என்றும் சொல்லலாம். ஆனால் நம் குரல் நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும், பேனா ஒரே மாதிரி இருக்கும். ஒரு நிபந்தனை. ஒரு 'டிக்' என்றால் கட்டாயம் ஒரு தினை. தவறி அழுத்திவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் செக் பவுன்ஸ் ஆன மாதிரி. இரண்டு தடவை பவுன்ஸ் ஆனால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

அடுத்து குச்சி. நுனியை அலகுக்குக் கொஞ்ச தூரத்தில் காட்டுங்கள். பறவைக்குப் புதியதைக் கொத்திப் பார்க்கும் சுபாவம் உண்டு. கொத்தியதும் 'டிக்', தினை. அப்புறம் குச்சியை ஓரங்குலம் தள்ளி வையுங்கள், ஓரடி எடுத்து வைத்து வந்து தொடும். 'டிக்', தினை. ஒரு வாரத்தில் குச்சி போகும் இடத்துக்கெல்லாம் பறவை நடந்து வரும். நீங்கள் அதைத் தொடவே இல்லை, தள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு குச்சிக்கும் பறவைக்கும் நடுவில் உங்கள் இன்னொரு கையின் ஆள்காட்டி விரலைக் கிளை மாதிரி அசையாமல் வைத்தால், குச்சியைத் தொடுவதற்காக ஒரு கால், அப்புறம் இன்னொரு கால் என்று விரலில் ஏறிவிடும். சில்லறை முதல் தடவை ஏறியபோது நான் மூச்சைக்கூட விடவில்லை.

ஒரு தடவைக்கு 3 நிமிஷம், அதிகம் போனால் 5. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவனுக்கு அலுக்கும் முன்னால் நீங்களே நிறுத்திவிடுங்கள்.

இந்த 'டிக்' முறை என் கண்டுபிடிப்பு இல்லை. கேரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960-களில் ஹவாய்த் தீவில் சீ லைஃப் பார்க் என்ற இடத்தில் டால்பின்களைப் பழக்கினார். அங்கே விசில், மீன். நாய்க்குக் கழுத்தில் சங்கிலி போடலாம், குதிரைக்குக் கடிவாளம் போடலாம். டால்பினை என்ன செய்வது? பிடிக்கவில்லை என்றால் குளத்தின் அந்தக் கோடிக்கு நீந்திப் போய்விடும். மிரட்ட வழியே இல்லை. அதனால் அது தானாக விரும்பி வரும்படி செய்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. பிற்பாடு அவர் இந்த முறையை நாய்களுக்கும் கொண்டுவந்தார், அதுதான் இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இறகு உள்ள பறவையும் டால்பின் மாதிரிதான். வேண்டாம் என்றால் பறந்துவிடும்.

இங்கே ஒரு சச்சரவான விஷயத்துக்கு வருகிறேன். கடையிலேயே, "இறகு வெட்டித் தரட்டுமா சார்?" என்று கேட்பார்கள். வெட்டினால் பறக்காது, சீக்கிரம் பழகும் என்பார்கள். நம் அடுக்குமாடியில் மின்விசிறி, பால்கனி, வெளியே காக்கைக் கூட்டம் எல்லாம் இருக்கிறது. பாதுகாப்புக்காக வெட்டுகிறோம் என்று சொல்பவர்கள் முட்டாள்கள் அல்ல, அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் என் அபிப்பிராயம் வெட்டக் கூடாது என்பதுதான்.

கோயில் வாசலில் கிளி ஜோசியம் பார்த்திருப்பீர்கள். கூண்டைத் திறந்ததும் கிளி நடந்து வரும், சீட்டை எடுத்துப் போடும், ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். "பாருங்கள், ஜோசியர்மேல் அதற்கு எவ்வளவு நம்பிக்கை" என்று என் அப்பா சொல்வார். அது பறக்க முடியாதபடி இறகு வெட்டப்பட்ட கிளி. கூண்டுக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? ஜோசியரை நான் திட்டவில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது நம்பிக்கையா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. போக முடிந்தும் போகாமல் இருந்தால்தான் அது தெரியும். துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து, அது திமிறி ஓய்ந்து அசையாமல் கிடந்ததும், "பழகிவிட்டது" என்பவர்கள் இருக்கிறார்கள். அது ஓய்ந்துதான் போயிருக்கிறது.

அதனால் இறகை விட்டுவிட்டு வீட்டை மாற்றினோம். அவனை வெளியே விடும் நேரம் மாலை 5.30 முதல் 6.30. அதற்கு முன் எல்லா மின்விசிறியும் நிறுத்தப்படும். சுவிட்ச் மேல் சிவப்பு ஸ்டிக்கர். பால்கனிக் கதவு பூட்டு, கண்ணாடி ஜன்னலுக்குத் திரை, அடுப்பில் எதுவும் இல்லை. இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் தயவுசெய்து அந்த நேரம் வரை கூண்டைத் திறக்காதீர்கள்.

கடியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஏ பிளாக் அம்மா முதலிலேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். காக்கட்டீலுக்குக் கடி கடைசி வார்த்தை. அதற்கு முன்னால் நாலு தடவை சொல்லியிருக்கும், நாம்தான் படிக்கவில்லை. அவன் கொண்டையைப் பாருங்கள். பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. நெட்டுக்குத்தாக நின்றால் ஆச்சரியம் அல்லது கலவரம். தலையோடு ஒட்டிப் படுத்து, வாயும் திறந்து, சீறினால் கையை எடுத்துவிடுங்கள். இறகையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாக நின்றால் பயம். அலகை மெதுவாக அரைக்கிற சத்தம் வந்தால் தூங்கப் போகிறான், எல்லாம் நலம்.

கையை எடுத்தால் அது ஜெயித்துவிட்டதாக நினைக்காதா என்று கேட்கிறார்கள். நினைக்கட்டுமே. 'வேண்டாம்' என்று கொண்டையால் சொன்னதும் கை விலகுகிறது என்று தெரிந்த பறவைக்குக் கடிக்க வேண்டிய அவசியமே வராது. கொண்டையைப் படுக்க வைத்தும் கேட்கவில்லை, சீறியும் கேட்கவில்லை, கடித்த பிறகுதான் கை போனது என்றால், அடுத்த தடவை முன்னறிவிப்பு எல்லாம் எதற்கு என்று நேராகக் கடிக்கும். சில்லறை அப்படித்தான் எங்களிடம் வந்தான். கடித்துவிட்டால் கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள். மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, அரை நிமிஷம் வேறு பக்கம் பாருங்கள். போதும்.

அலெக்ஸ் என்ற கிளியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 2007-இல் இறக்கும்வரை 30 வருஷம் அவரோடு வேலை செய்தது. சுமார் 100 சொற்கள் தெரியும், நிறம் சொல்லும், வடிவம் சொல்லும், சின்ன எண்ணிக்கைகளைச் சொல்லும். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறொன்று. அலுத்துப்போனால், திரும்பிப் போக வேண்டும் என்று அதுவே ஆங்கிலத்தில் கேட்குமாம். நம் பறவைகளுக்கு அந்த ஆங்கிலம் கிடையாது, கொண்டைதான் இருக்கிறது.

சத்தம். சி பிளாக் நண்பர் என்னை முறைக்கிறார், தெரிகிறது. காக்கட்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாகத் திரிகிற பறவை. கூட்டத்தில் ஒன்று கண்ணுக்கு மறைந்தால் மற்றது கூப்பிடும், "எங்கே இருக்கிறாய்?" என்று. மறைந்தது பதில் சொல்லும். நாம் ஹாலை விட்டுப் படுக்கையறைக்குப் போனதும் அது கத்துவது அதனால்தான். பதில் வராவிட்டால் இன்னும் உரக்கக் கத்தும். நாம் ஓடி வந்து, "வாயை மூடு" என்று சொன்னால் அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆள் வந்தாச்சு. நான் ஒரு சின்ன சீழ்க்கை வைத்திருக்கிறேன், இரண்டு ஸ்வரம். அவன் மெதுவாகக் கூப்பிட்டால் எந்த அறையிலிருந்தும் உடனே பதில் சீழ்க்கை போகும். அலறினால் போகாது. அலறல் நின்றதும் போகும். இரண்டு மாதத்தில் அலறல் வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை என்பதைச் சி பிளாக் நண்பர் இங்கேயே சாட்சி சொல்வார். காலை 6.30 வரை கூண்டின் மேல் துணி போட்டு வைக்கிறோம், அதுவும் உதவுகிறது. ஆனால் இருட்டில் காக்கட்டீல் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, அதனால் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். தீபாவளி வாரத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கூண்டை மாற்றிவிடுங்கள்.

இந்தப் பயிற்சியெல்லாம் வித்தை காட்ட அல்ல. எங்கள் சமையலறைத் தராசு, கிராம் கணக்கில் காட்டுகிற டிஜிட்டல் தராசு, அதன்மேல் சில்லறை தானாக ஏறி நிற்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்துப் பேரேட்டில் எழுதிவிடுவேன். பறவை நோயை மறைக்கும். காட்டில் நோயாளி என்று தெரிந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். வெளியே தெரிகிறபோது முற்றியிருக்கும். எடைதான் முன்கூட்டிச் சொல்கிற ஒரே சாட்சி. 90 கிராம் பறவையில் 9 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். போகிற பெட்டிக்குள்ளும் அவனே நடந்து போகப் பழக்கியிருக்கிறேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு தடவை போனோம். ஆட்டோவில் என் மடியில் பெட்டி, உள்ளே அவன் தினை தின்றுகொண்டிருந்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காக்கட்டீல் நன்றாக வளர்த்தால் 15, 20 வருஷம் இருக்கும். சில்லறைக்கு இப்போது 7. எனக்கு 67. அவனுக்கு 20 ஆகும்போது எனக்கு 80. கணக்கு எழுதிப் பழகியவனுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாமல் இருக்குமா? வங்கியில் எல்லோரிடமும் நச்சரித்து நாமினி பெயர் வாங்குவோம். பறவைக்கு யார் நாமினி?

பிரச்சினை என்னவென்றால், இந்தக் கணக்கில் நாமினி பெயர் எழுதினால் மட்டும் பணம் மாறாது. என்மேல் அவன் வைத்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான். என் மனைவிக்கே தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதனால் போன வருஷம் எதிர் ஃபிளாட் பெண்ணைக் கேட்டேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாலையில் பள்ளி விட்டு வந்ததும் 10 நிமிஷம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் வாரம் அவளும் 5 அடி தள்ளி நாற்காலியில்தான். அவள் பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தாள், சென்செக்ஸைவிட அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதே பேனா, அதே குச்சி, அதே சீழ்க்கை. மொழி ஒன்றாக இருந்ததால் சீக்கிரம் நடந்தது. எனக்கு 4 மாதம் ஆனது அவளுக்கு 5 வாரத்தில் முடிந்தது.

இந்த ஜனவரியில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். திடீரென்று நடந்தது, ராத்திரி 11 மணிக்கு ஆம்புலன்ஸ், உங்களில் பலர் அன்றைக்கு உதவினீர்கள், மறக்க மாட்டேன். மனைவியும் என்னோடு வந்துவிட்டாள். வீடு பூட்டி 6 நாள். சாவி எதிர் ஃபிளாட்டில். ஐ.சி.யூ.வில் படுத்துக்கொண்டு பறவையைப் பற்றிக் கேட்டேன் என்று இன்றைக்கும் என் மகன் கிண்டல் செய்கிறான்.

அந்தப் பெண் என் பேரேட்டிலேயே எழுதி வைத்திருந்தாள். திரும்பி வந்து படித்தேன். முதல் நாள்: "எடை பார்க்கலை, பயந்தான். தாத்தா எங்கேன்னு கத்தினான். சீழ்க்கை அடிச்சேன்." இரண்டாம் நாள்: "87. கொஞ்சம்தான் சாப்பிட்டான். விரல் நீட்டினேன், கொண்டை படுத்திருச்சு, எடுத்துட்டேன். கட்டாயப்படுத்தலை." மூன்றாம் நாள் மாலை: "தானா ஏறினான்." அடியில் இரண்டு கோடு. ஆறாம் நாள் 90.

அந்த இரண்டாம் நாள் வரியைத்தான் நான் பலமுறை படித்திருக்கிறேன். 12 வயசுப் பெண், பறவை சாப்பிடவில்லை என்ற கவலை, பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அப்போதும் கையை எடுத்திருக்கிறாள்.

குரூப்பில் 'இலவசம்' என்று போட்ட 2 வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்னும் 3 வாரம் வைத்திருங்கள். நான் மாலை 5 மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து உட்காருகிறேன். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் நானே நல்ல இடம் பார்த்துத் தருகிறேன். ஜன்னலைத் திறந்து பறக்கவிடுவது மட்டும் வேண்டாம். அது விடுதலை ஆகாது, நம் ஊர்க் காக்கைகள் ஒரு மணி நேரம்கூட விடாது.

கடைசியாக, அந்தச் சின்னப் பையன் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறான். "உங்க கிளி பேசுமா தாத்தா?" என்று கேட்கிறான். பேசாதுப்பா. சீழ்க்கை நன்றாக அடிப்பான். அதோடு எங்கள் வீட்டுக் குக்கர் விசிலை அச்சாக அப்படியே அடிப்பான். பாட்டி சமையலறையில் இரண்டு விசில் எண்ணியிருப்பாள், மூன்றாவது ஹாலிலிருந்து வரும். அடுப்பை அணைத்துவிடுவாள். போன வாரம் எங்கள் வீட்டு சாம்பாரில் பருப்பு வேகாததற்கு அதுதான் காரணம்.

வெளியே காபியும் வடையும் வந்துவிட்டதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார்.